அடுக்ககத்தில் குவிந்த மின்கழிவு: யாரிடம் கொடுப்பது, கொடுத்த பிறகு எங்கே போகிறது?

ஐந்தாம் மாடி (பெல்லந்தூர், பெங்களூர்) எழுதியது:

எங்கள் அடுக்ககத்தில் மின்கழிவைச் சேகரித்து ஒப்படைப்பது என்று சங்கக் கூட்டத்தில் முடிவாகி, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கீழ்த்தளக் கிடங்கில் இப்போதே கால் வைக்க இடமில்லை. படக்குழாய் டிவிகள், பிரிண்டர்கள், யுபிஎஸ் பெட்டிகள், கட்டுக்கட்டாகச் சார்ஜர் ஒயர்கள், உப்பிப்போன பேட்டரிகள். எல்லாவற்றையும்விட மடிக்கணினிகள்தான் அதிகம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்ற பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களைக்கூடக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

எடுத்துக்கொள்ள இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தின் முகவர். சான்றிதழ் தருவார், பணம் தரமாட்டார். படக்குழாய் டிவிகள் தனக்கு வேண்டாம் என்கிறார். இன்னொருவர் எங்கள் தெருமுனைக் குஜ்ரிக் கடைக்காரர், அதாவது பழைய சாமான் வாங்குபவர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், நீண்ட நாள் பழக்கம். அவர் எல்லாவற்றையும் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

சங்கத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். எதைச் செய்தால் நம்முடைய பொருளால் இன்னொருவர் உடம்பு கெடாமல் இருக்கும்?

---

சட்டப்படி (எலெக்ட்ரானிக் சிட்டி) எழுதியது:

ஐயா, சான்றிதழ் தருபவரிடமே கொடுங்கள். ஒரு நிறுவனத்தில் சுற்றுச்சூழல் விதிகளைக் கவனிப்பது என் வேலை, அதனால் சொல்கிறேன். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஓராண்டில் ஆயிரம் சாதனங்களாவது பயன்படுத்தும் அமைப்புகளைத்தான் விதி 'பெரும் நுகர்வோர்' என்கிறது. உங்கள் சங்கம் அதற்குள் வராமல் போகலாம். அதற்காகக் குஜ்ரிக்குக் கொடுப்பது சரியாகிவிடாது.

அங்கே போகும் ஒயர் ஏதோ ஒரு சந்தில் எரிக்கப்படுகிறது. பிவிசி உறை புகைந்து எரியும்போது டயாக்சின், ஃபியூரான் என்ற கடும் நச்சுகள் உண்டாகின்றன. மின்சுற்றுப் போர்டுகள் அமிலத் தொட்டிக்குப் போகின்றன. 2022இல் உலகில் உருவான மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. மிச்சத்தில் கணிசமான பங்கு இப்படிப்பட்ட சந்துகளில்தான் கரைகிறது. கிலோவுக்குக் கிடைக்கும் சில ரூபாய்க்காக நாம் ஏன் அந்தப் புகைக்குத் துணை போக வேண்டும்?

---

செம்புக்கம்பி (மைசூர் ரோடு) எழுதியது:

அந்தச் சந்தில் பிறந்து வளர்ந்தவன் நான். என் தாத்தா செங்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து சாக்குப்பையோடு தெருவில் நடந்தார். அப்பா கடை வைத்தார். இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். மேலே எழுதியிருப்பவருக்கு மரியாதையோடு சொல்கிறேன்: நீங்கள் சொன்ன புகை உண்மை. ஆனால் தெருமுனைக் கடைக்காரர் எதையும் எரிப்பதில்லை. அவர் பிரிக்கிறார், அவ்வளவுதான்.

சரக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓடக்கூடிய நிலையில் இருக்கும் பாகம் எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளுக்குப் போகும். இரும்பும் அலுமினியமும் ஜாலி மொஹல்லா வியாபாரிகளுக்கு. செம்பு தனி. போர்டுகளை ரகம் பிரிப்போம். மதர்போர்டு ஒரு விலை, டிவி போர்டு ஒரு விலை, மொபைல் போர்டுதான் உச்ச விலை. மூட்டை சேர்ந்ததும் லாரியில் தில்லிக்குப் போய்விடும், அங்கே கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

இப்போது கேளுங்கள், படக்குழாய் டிவி வந்தால் என்ன ஆகும் என்று. பின்பக்கக் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருளை எடுப்பார்கள். போர்டை எடுப்பார்கள். மிச்சம் இருக்கும் கண்ணாடியைக் காசு கொடுத்து வாங்க ஆள் கிடையாது. அது உடைந்து கடைக்குப் பின்னால் கிடக்கும், மழையில் நனையும், ஒருநாள் இரவில் காலி மனைக்குப் போகும். விலை உள்ள சரக்கு ஆயிரம் மைல் தாண்டியும் போய்ச் சேர்கிறது. விலையில்லாதது எங்கள் வாசலில் தங்குகிறது. ஐந்தாம் மாடி ஐயா, உங்கள் முகவர் ஏன் படக்குழாயை வேண்டாம் என்கிறார் என்று இப்போது புரிகிறதா? பதிவு பெற்றவர்களிலும் பலர் எங்களைப்போல நல்ல சரக்கைத்தான் தேடுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் சீட்டு ஒட்டிய பெட்டிகள் எங்கள் பகுதிக் கிடங்கில் இறங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கும் எங்கோ ஒரு சான்றிதழ் போயிருக்கும்.

---

யமுனைக்கு அப்பால் (தில்லி) எழுதியது:

உங்கள் ஊர் லாரி வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வடகிழக்குத் தில்லியின் சீலம்பூரிலும் முஸ்தஃபாபாதிலும் நடந்து பார்த்தால் தெரியும்: ஒரு சந்து முழுக்க ஏசி, அடுத்த சந்து முழுக்கக் கணினிப் பெட்டி. ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு பாகத்தைப் பிரிப்பதில் கைதேர்ந்தது. எரிப்பதும் அமிலத்தில் போடுவதும் எல்லை தாண்டி உத்தரப் பிரதேசத்தின் லோனிப் பக்கமும், இன்னும் தள்ளி மொராதாபாதிலும். மொராதாபாதில் ராம்கங்கை ஆற்றங்கரையில் போர்டு எரித்த கருஞ்சாம்பல் குவிந்து கிடந்தது நாடே அறிந்த செய்தி. அந்தச் சாம்பலைத் தண்ணீரில் அலசி உலோகத்தைப் பிரிப்பவர்களில் பெண்களும் சிறுவர்களும் அதிகம்.

காவல்துறை சோதனைக்கு வரும்போதெல்லாம் பட்டறை இன்னும் உள்ளே, இன்னும் இருட்டான இடத்துக்கு நகர்கிறது. வேலை நிற்பதில்லை. இருந்த ஒரே ஜன்னலும் மூடப்படுகிறது, அவ்வளவுதான்.

---

ஆய்வுக்கூடம் (மல்லேஸ்வரம், ஓய்வு) எழுதியது:

கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். என் பங்குக்குச் சிலவற்றைத் தெளிவாக்குகிறேன்.

படக்குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு இருக்கிறது. முழுதாக இருக்கும்வரை அது கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கும். பொடியானால் மண்ணோடும் தூசியோடும் போகும். பழைய போர்டுகளின் பற்றவைப்பில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம், அதாவது ஈயம். ஐரோப்பா 2006இல் ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு புதிய சாதனங்களில் அது வெகுவாகக் குறைந்தது. ஆனால் இன்று பிரிக்கப்படும் சரக்கில் பழையதும் கலந்தே வருகிறது. தட்டைத் திரைகளிலும் பழைய ரகத்தில் பின்னொளிக்குப் பாதரசக் குழாய்கள் உண்டு. நெருப்பைத் தடுப்பதற்காக நெகிழியில் சேர்த்த புரோமின் சேர்மங்கள் வேறு.

போர்டுகளிலிருந்து தங்கம் எடுக்கப் பயன்படுத்துவது ராஜதிராவகம்: மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம். அதிலிருந்து எழும் பழுப்புநிறப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைச் சுவாசித்தவர் அப்போது லேசாக இருமிவிட்டு வீட்டுக்குப் போவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அதனால்தான் அது அவ்வளவு ஆபத்தானது. ஒரு டன் கைப்பேசிகளில் ஏறக்குறைய 300 கிராம் தங்கம் இருக்கிறது, சுரங்கத் தாதுவில் டன்னுக்குச் சில கிராம்தான். இந்த வேறுபாடு இருக்கும்வரை தொட்டிகள் மறையப்போவதில்லை. தங்கம் போன பிறகு மிஞ்சும் அமிலத்தில் செம்பும் ஈயமும் நிக்கலும் கரைந்திருக்கும். அது சாக்கடையில் ஊற்றப்படுகிறது.

மைசூர் ரோட்டோரம் சாக்கடை என்றால் விருஷபாவதி. பசவனகுடி நந்தி கோயிலருகே பிறந்த ஆறு, பிடதி அருகே பைரமங்கலா ஏரிக்குப் போய், பின்பு அர்க்காவதியில் சேர்கிறது. அர்க்காவதி, சங்கமா என்ற இடத்தில் காவிரியோடு கலக்கிறது.

---

மேட்டூர்க்காரி (மாரத்தஹள்ளி) எழுதியது:

ஐயா, அப்படியானால் பெங்களூரில் பட்டறைக்காரர்கள் ஊற்றும் அமிலத்தைத்தான் ஒகேனக்கலிலும் மேட்டூரிலும் எங்கள் மக்கள் குடிக்கிறார்களா? இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

---

ஆய்வுக்கூடம் எழுதியது:

அம்மா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் அப்படி நேர்க்கோடு போட முடியாது. விருஷபாவதியில் கலப்பதில் பெரும்பகுதி நகரத்தின் கழிவுநீர். உலோகங்கள் பீன்யாவின் மின்முலாம் பூசும் தொழிலகங்கள் உட்படப் பல இடங்களிலிருந்து வருகின்றன. கன உலோகங்களில் கணிசமான பங்கு வண்டலோடு வண்டலாக வழியிலேயே படிந்துவிடும். ஆகவே முதல் பாதிப்பு மேட்டூரில் அல்ல, பைரமங்கலா நீரைப் பாய்ச்சிக் கீரையும் தீவனப்புல்லும் வளர்க்கும் உழவர்களுக்கு. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் பாலும் அந்தக் கீரையும் இதே நகரத்துக்குத்தான் திரும்பி வருகின்றன. பேச வேண்டியதை இந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

---

வார்டு செவிலி (சிவாஜிநகர்) எழுதியது:

எல்லோரும் ஆற்றைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் எழுதுகிறீர்கள். வீட்டுக்குள் வாருங்கள்.

போர்டு பிரிப்பதில் ஒரு பகுதி வீட்டில் நடக்கிறது. அடுப்பில் இரும்புத் தட்டை வைத்து, போர்டைக் கவிழ்த்துச் சூடாக்கி, ஈயம் இளகியதும் இடுக்கியால் சில்லுகளைப் பெயர்த்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். சமைப்பதும் அதே அறையில், குழந்தை தவழ்வதும் அதே தரையில். குழந்தை கையை வாயில் வைக்கும். பெரியவர்கள் உடம்பு ஏற்பதைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சும். இரும்புச்சத்து குறைந்த குழந்தை என்றால் இன்னும் அதிகம். நம் நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ஈயம் உடம்பில் நுழைந்தது உடனே தெரியாது. வயிற்றுவலி என்று வருவார்கள், பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்புவோம். பள்ளியில் கவனம் இல்லை என்று ஆசிரியர் திட்டுவார். ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். பெண் கருவுற்றால் எலும்பிலிருந்து கரைந்து கருவுக்குப் போகும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். எங்கள் பகுதியில் இந்தச் சோதனைக்கு ரத்தம் எடுக்கப்பட்ட குழந்தை ஒன்றையாவது எனக்குக் காட்டுங்கள். அரசின் எந்தத் தாளிலும் இந்தக் குழந்தைகள் மின்கழிவோடு சேர்த்து எழுதப்படுவதில்லை.

இதே நகரத்தில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் துப்பில் வெங்கடேஷ் ஈய நச்சுக்காகவே ஒரு தேசிய மையத்தை நடத்தினார். பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கியது 2000இல். காற்றில் இருந்ததை நீக்க முடிந்த நாட்டுக்கு, ஒரு சந்தின் தரையில் இருப்பதை நீக்க முடியாதா?

செம்புக்கம்பி தம்பி, உங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள்: வேலைத்துணியோடு குழந்தையைத் தூக்க வேண்டாம். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கட்டும். அடுப்புத் தட்டு சமையலறைக்குள்ளேயே வரக்கூடாது. கீரை, பேரீச்சை, முட்டை, எது முடியுமோ அது.

---

சட்டப்படி எழுதியது:

செவிலி அம்மா எழுதியதைப் படித்த பிறகு என் கருத்து இன்னும் உறுதியாகிறது. இந்த வேலை வீடுகளில் நடக்கக்கூடாது. நடக்கக்கூடாது என்றால் சரக்கு அங்கே போகக்கூடாது. இரக்கத்தின் பெயரால் இதைத் தொடரவிடுவது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம்.

---

செம்புக்கம்பி எழுதியது:

எங்கள் குழந்தைகள் மேல் அக்கறை வைத்ததற்கு நன்றி. சரக்கை நிறுத்துங்கள். அடுத்த மாதம் வீட்டு வாடகையை யார் கொடுப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

2016 விதிகளில் பிரிப்பவர் என்ற வகைக்கும் சேகரிப்பு மையங்களுக்கும் இடம் இருந்தது. எங்களைப்போன்றோர் நாலைந்து பேர் சேர்ந்து, கொட்டகை போட்டு, பதிவு வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். 2022 விதிகள் அந்த வகைகளையே எடுத்துவிட்டன. இப்போது நான் யார்? சட்டத்தில் எனக்குப் பெயரே இல்லை. இதே பெங்களூரில் குப்பை பொறுக்குபவர்களுக்கு மாநகராட்சி அடையாள அட்டை கொடுத்தது. ஹசிரு தளா அமைப்போடு சேர்ந்தவர்கள் உலர்கழிவு மையங்களை நடத்துகிறார்கள். குப்பையில் முடிந்தது மின்கழிவில் ஏன் முடியாது? பிரிப்பது எங்களுக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவரால் கவனமாகப் பிரித்தால், எரிக்கும்போது வரும் விஷப்புகை வராது. எரிக்காமல், அமிலத்தில் போடாமல், போர்டை முழுதாக உருக்காலைக்கு அனுப்பும் வழியை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். தில்லி விலைக்குச் சமமாக வேண்டாம், அருகில் வந்தால் போதும்.

---

ஆய்வுக்கூடம் எழுதியது:

தம்பி சொல்வது தொழில்நுட்பப்படியும் சரி. கையால் பிரிப்பதைப்போல இயந்திர அரவை சுத்தமாகப் பிரிக்காது. தாபஸ்பேட்டையில் 2005இல் தொடங்கிய இ-பரிசரா என்ற மறுசுழற்சி நிறுவனம் கையால் பிரிப்பதையும் முறையான ஆலையையும் சேர்த்தே நடத்தியது. போர்டுகளை உருக்குவதற்கு மட்டும் பெல்ஜியம் போன்ற நாடுகளின் பெரிய உருக்காலைகளை நாட வேண்டியிருந்தது.

அந்த உருக்காலைகளும் குற்றமற்றவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் யுமிகோர் ஆலையை ஒட்டிய குடியிருப்பில் 2020இல் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் திடீரென உயர்ந்தது. வேறுபாடு என்னவென்றால், அங்கே குழந்தைகளின் ரத்தத்தை முறையாகச் சோதிக்கிறார்கள், அதனால் தெரிந்தது. நிறுவனம் அருகிலுள்ள வீடுகளை விலைக்கு வாங்க முன்வர வேண்டியதாயிற்று. செவிலி அம்மா கேட்டதும் அந்தச் சோதனையைத்தான்.

---

சட்டப்படி எழுதியது:

விவாதத்துக்குப் பயன்படும் என்பதால் ஒரு செய்தி. உற்பத்தியாளர்களுக்கு மறுசுழற்சி இலக்கு உண்டு: 2023–24இல் 60 சதவீதம், படிப்படியாக 80 சதவீதம். அதை அவர்கள் மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கி நிறைவேற்றுகிறார்கள். புதிய முறை தொடங்கியபோது அந்தச் சான்றிதழ்கள் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற நான்கு உலோகங்களின் எடையை வைத்தே வழங்கப்பட்டன. ஈயக் கண்ணாடிக்கோ, புரோமின் கலந்த நெகிழிக்கோ, பாதரசக் குழாய்க்கோ தனிச் சான்றிதழ் இல்லை. செம்புக்கம்பி சொன்ன "விலையில்லாதது வாசலில் தங்குகிறது" என்பது தாளிலும் அப்படியே இருக்கிறது. மனு எழுதுவதாக இருந்தால் இதை முதல் கோரிக்கையாக வையுங்கள். வரைவு எழுத நான் உதவுகிறேன்.

---

எஸ்.பி. ரோடு மாடிக்கடை எழுதியது:

எல்லாம் சரி, அந்த மடிக்கணினிகளை ஏன் கழிவு என்கிறீர்கள்? விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததாலோ செயலி பட்டியலில் இல்லாததாலோ தள்ளப்பட்டவை. இந்த மாற்றத்தால் உலகில் 24 கோடி கணினிகள் கழிவாகலாம் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023இலேயே மதிப்பிட்டது. லினக்ஸ் ஏற்றி, பழைய வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் பள்ளிக்குழந்தைக்குத் தாராளமாகப் போதும். ஒரு மடிக்கணினியால் உண்டாகும் கார்பனில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. கூடுதலாக ஓடும் ஒவ்வோர் ஆண்டும் லாபம். தரவை முழுமையாக அழித்துவிட்டுக் கொடுங்கள். 'டெலீட்' செய்தால் போதாது, மேலெழுத வேண்டும்.

கிடங்கில் பழைய ஏசி இருந்தால் இன்னொன்று. செம்புக் குழாயை அப்படியே வெட்டினால் உள்ளே இருக்கும் வாயு வெளியேறிவிடும். ஆர்-410ஏ என்ற குளிர்வாயு ஒரு கிலோ வெளியேறுவது ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். வாயுவை உருளையில் இழுத்தெடுக்கும் மெக்கானிக்கை முதலில் அழையுங்கள்.

---

ஐந்தாம் மாடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இந்த இழையை அச்செடுத்துச் சங்கக் கூட்டத்தில் வாசித்தோம். முடிவு இது.

மடிக்கணினிகள் முதலில் எஸ்.பி. ரோட்டு நண்பரிடம் போகும். தேறுபவை அரசுப் பள்ளிகளுக்கு. இரும்பு, அலுமினியம், மோட்டார் எல்லாம் தெருமுனைக் கடைக்கு. ஒயரும் அவருக்கே, ஆனால் கையால் சுற்றி உறை உரிக்கும் கருவி ஒன்றைச் சங்கம் வாங்கி அவருக்குத் தரும். எரிக்கக்கூடாது என்பது நிபந்தனை. அவரும் சம்மதித்தார். போர்டுகளை முகவர் எடுக்கலாம், ஆனால் படக்குழாய்களையும் பேட்டரிகளையும் சேர்த்து எடுத்தால்தான் கொடுப்போம் என்று சொல்லிவிட்டோம். நல்லதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போக முடியாது. சுமைகூலியும் அகற்றும் செலவும் சங்க நிதியிலிருந்து. பணம் கொடுத்து அகற்ற வேண்டுமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். வாங்கும்போது கொடுத்த விலையில் இந்தச் செலவு சேரவில்லை, இப்போது கொடுக்கிறோம் என்றேன். முகவர் இரண்டு நாள் கழித்து ஒப்புக்கொண்டார். அவை சேரும் ஆலையை நேரில் பார்க்கவும் அனுமதி கேட்டிருக்கிறேன்.

லாரி வரும்வரை உப்பிய பேட்டரிகளை எப்படி வைப்பது?

---

செம்புக்கம்பி எழுதியது:

உப்பியதைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட இரும்பு வாளியில் ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். வாளி கட்டடத்துக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். அட்டைப்பெட்டிகள் அருகில் வேண்டாம். யுபிஎஸ் பேட்டரி அமிலம் கொண்டது, அதை நிமிர்த்தியே வைக்க வேண்டும், மணல் வாளியில் சேர்க்காதீர்கள்.

படக்குழாயைத் தூக்கும்போது கண்ணாடி முகம் நெஞ்சுப்பக்கம் இருக்கட்டும், இரண்டு பேர் பிடியுங்கள். பின்பக்கக் கழுத்து மெல்லியது, அதில் தட்டினால் உடைந்துவிடும். ஏற்ற ஆள் தேவை என்றால் சனிக்கிழமை நானும் தம்பியும் வருகிறோம். கையுறை எங்களிடம் இல்லை, அதை மட்டும் சங்கத்தில் வாங்கி வையுங்கள்.